போட்டியாளர் தளத்தின் கணக்கு: எந்தக் கருவி சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறைப் பக்கம் இணையத்தில் வியாபாரம் செய்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "எதிர்க்கடைக்காரர் வெப்சைட்டுக்கு மாசம் எத்தனை பேர் வர்றாங்கன்னு தெரிஞ்சுக்கணும். எந்த டூல் வாங்கலாம்?" நாச்சியார்கோவில் குத்துவிளக்கு விற்பவர், நவக்கிரகக் கோயில்களுக்குக் கார் அனுப்புபவர், தஞ்சாவூர் ஓவியத்தை வெளிநாட்டுக்கு அனுப்புபவர், மாப்பிள்ளைச் சம்பாவையும் கருப்புக் கவுனியையும் நேரடியாக விற்கும் விவசாயி என்று கேட்பவர்கள்தான் வேறு வேறு. ஒரே தளத்தின் முகவரியை மூன்று கருவிகளில் போட்டால் ஒன்றில் 400, இன்னொன்றில் 2,100, மூன்றாவதில் 'தகவல் போதாது' என்று வருவது சாதாரணம். இதில் எதை நம்பிப் பணம் கட்டுவது?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தக் கருவி நல்லது என்று பார்ப்பதற்கு முன்னால், அது காட்டும் எண்களில் எது எந்த வகை என்று பிரிக்க வேண்டும். கருவி தானே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லும் தகவல் ஒரு வகை: இந்தப் பக்கம் இருக்கிறது, இந்தத் தளம் அந்தத் தளத்துக்கு லிங்க் கொடுத்திருக்கிறது, இந்தத் தேடலில் இவர் நான்காவதாக வந்தார். பார்த்ததன் மேல் கணக்குப் போட்டுச் சொல்லும் எண் இன்னொரு வகை: மாத டிராஃபிக் (எத்தனை பேர் வருகிறார்கள் என்பது), தளத்தின் மதிப்பெண், தேடல் சொல்லின் கடினம். இரண்டும் ஒரே திரையில் ஒரே எழுத்தில் அடுத்தடுத்து வருவதால் ஒன்றுபோலவே தோன்றும். பார்த்த தகவலை வைத்து முடிவெடுக்கலாம். கணக்குப் போட்ட எண்ணை வைத்து, நம் டெல்டாவில் இருக்கிற மாதிரி சின்னத் தளங்களைப் பற்றி எந்தப் பெரிய முடிவும் எடுக்கக் கூடாது.

## எதை வைத்து எடை போடுவது

கருவிகளுக்குள் போவதற்கு முன் அளவுகோல்களைச் சொல்கிறேன். முதலாவது, மேலே சொன்ன பிரிவு: அந்தக் கருவியில் பார்த்த தகவல் எவ்வளவு, கணக்குப் போட்டது எவ்வளவு. இரண்டாவது, மாதம் சில நூறு பேர் மட்டுமே வரும் தளம் அதன் கண்ணில் படுமா. மூன்றாவது, மொழி. தமிழ் எழுத்தில் தேடுவதும், ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டித் தேடுவதும் அதன் பட்டியலில் இருக்கிறதா. நான்காவது, ஊரும் காலமும். தஞ்சாவூரில் தேடும்போது வரும் முடிவும் சென்னையில் வரும் முடிவும் ஒன்றல்ல. மாசி மாதத்துத் தேடலும் ஆடி மாதத்துத் தேடலும் ஒன்றல்ல. ஐந்தாவது, மொத்தச் செலவு; விலைப் பக்கத்தில் போட்டிருப்பதும் போடாததும் சேர்த்து.

கடைசியாக ஒன்று, இதைத்தான் பலர் கேட்டுக்கொள்வதில்லை: அந்த எண் தெரிந்தால் நீங்கள் என்ன மாற்றிச் செய்வீர்கள்? எதிர்க்கடைக்கு 800 பேர் வந்தாலும் 1,500 பேர் வந்தாலும் நீங்கள் செய்யப்போவது ஒன்றுதான் என்றால், அந்த எண்ணுக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை.

## டிராஃபிக் எண் எப்படி உருவாகிறது

இதைப் புரிந்துகொண்டால் பாதித் தலைவலி தீர்ந்துவிடும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு தளத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்ற உண்மைக் கணக்கு அந்த உரிமையாளரின் சர்வரிலும், வருகையை எண்ணும் அவருடைய அனலிட்டிக்ஸிலும், கூகுள் தேடலில் தன் தளம் எப்படி வருகிறது என்று உரிமையாளருக்கு மட்டும் காட்டும் சர்ச் கன்சோலிலும்தான் இருக்கிறது. உரிமையாளருக்கே முழுதாகத் தெரியாத பகுதியும் உண்டு. யார் எந்தச் சொல்லைத் தேடி வந்தார்கள் என்பதை 2011-இலிருந்து கூகுள், அனலிட்டிக்ஸில் படிப்படியாக மறைத்துவிட்டது. ஆக, வெளியிலிருந்து ஒரு கருவி சொல்லும் டிராஃபிக், வரப்பில் நின்றுகொண்டு பக்கத்து வயலின் மகசூலைச் சொல்வது போன்றது. அனுபவசாலி சொன்னால் ஓரளவு கிட்டத்தில் இருக்கும். ஆனால் மூட்டையை எண்ணிச் சொன்ன கணக்காகாது.

ஏஹ்ரெஃப்ஸ், செம்ரஷ் போன்ற கருவிகள் பெரும்பாலும் இப்படித்தான் கணக்குப் போடுகின்றன. தங்களிடம் உள்ள தேடல் சொற்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் கூகுளில் யார் எத்தனையாவது இடத்தில் வருகிறார்கள் என்று பார்க்கின்றன. அந்தச் சொல்லை மாதம் எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று ஒரு மதிப்பீடு வைத்திருக்கின்றன. முதல் இடத்துக்கு இத்தனை சதவீதம் பேர் கிளிக் செய்வார்கள், மூன்றாம் இடத்துக்கு இத்தனை என்று ஒரு விகிதம் வைத்திருக்கின்றன. இரண்டையும் பெருக்கி, எல்லாச் சொற்களுக்கும் கூட்டினால் 'ஆர்கானிக் டிராஃபிக்', அதாவது விளம்பரம் இல்லாமல் தேடலில் இருந்து வரும் வருகை, வந்துவிடும்.

ஒரு கற்பனைக் கணக்கு பார்ப்போம். ஐந்தடி குத்துவிளக்கின் விலையை மாதம் 1,000 பேர் தேடுகிறார்கள் என்று கருவி நினைக்கிறது. எதிர்க்கடை மூன்றாம் இடத்தில் இருக்கிறது, 10 சதவீதம் பேர் கிளிக் செய்வார்கள் என்று வைத்து 100 பேர் என்கிறது. உண்மையில் தேடியவர்கள் 600 பேர். அந்தத் தேடலில் மேலே விளம்பரங்கள், அதன் கீழே பொருட்களின் படங்கள், அப்புறம் மேப்பில் மூன்று கடைகள் வருவதால், மூன்றாம் இடத்துக்குக் கிடைத்தது 4 சதவீதம்தான். வந்தவர்கள் 24 பேர். ஒவ்வொரு படியிலும் பிழை பெரிதாகத் தெரியவில்லை. பெருக்கியதும் நான்கு மடங்கு வித்தியாசம்.

பத்தாயிரம் சொற்களுக்கு வரும் பெரிய செய்தித் தளமாக இருந்தால், ஒரு சொல்லில் கூடியது இன்னொன்றில் குறைந்து, கூட்டுத்தொகை ஓரளவு நேராகிவிடும். நாச்சியார்கோவில் கடையின் தளம் மொத்தமே இருபது சொற்களுக்குத்தான் வருகிறது. அங்கே பிழையை ஈடுகட்ட எதுவும் கிடையாது. இந்தக் கருவிகளைப் பெரிய நிறுவனங்கள் புகழ்வதும், சின்னக் கடைக்காரர்கள் ஏமாந்துபோவதும் ஒரே காரணத்தால்தான்.

எத்தனை பேர் தேடுகிறார்கள் என்ற மதிப்பீடும் கல்வெட்டில் எழுதியதல்ல. பல கருவிகள், மக்களின் உலாவிகளில் இருந்து திரட்டப்படும் கிளிக் பதிவுகளை விலைக்கு வாங்கிப் பயன்படுத்துகின்றன. அவாஸ்ட் வைரஸ் தடுப்பு நிறுவனத்தின் துணை நிறுவனமான ஜம்ப்ஷாட் இப்படித் தகவல் விற்றுவந்தது. செய்தி வெளியாகிப் பெரிய எதிர்ப்பு எழுந்ததும் 2020 ஜனவரியில் அது மூடப்பட்டது. 2024-இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் அவாஸ்ட்டுக்கு 1.65 கோடி டாலர் அபராதம் விதித்தது. ஊற்று ஒரே வாரத்தில் வற்றிப்போன கதை இது. தளங்களை வருகையின்படி வரிசைப்படுத்திய, அமேசானுக்குச் சொந்தமான அலெக்ஸா ரேங்க் சேவையும் 2022 மே மாதத்தோடு நின்றுவிட்டது.

இன்னும் அண்மையில் நடந்தது முக்கியம். ஒரே பக்கத்தில் 100 முடிவுகளைக் காட்டும் வசதியை 2025 செப்டம்பரில் கூகுள் எடுத்துவிட்டது. ரேங்க் பார்க்கும் கருவிகள் அந்த வசதியை நம்பியே இருந்தன. அதன் பிறகு பல தளங்களின் சர்ச் கன்சோலில் இம்ப்ரெஷன் எண்ணிக்கை (தேடல் முடிவில் தளம் தோன்றிய தடவைகள்) சட்டென்று இறங்கியது; கருவிகளிலும் பின்வரிசை ரேங்க்கள் காணாமல் போயின. அந்த மாதம் போட்டியாளரின் வரைபடம் சரிந்ததைப் பார்த்து 'அவருக்குக் கூகுள் அடி விழுந்துவிட்டது' என்று யாராவது சந்தோஷப்பட்டிருந்தால், அது தவறான சந்தோஷம். எந்தச் சரிவையும் பார்த்ததும், அதே மாதம் உங்கள் தளமும் வேறு இரண்டு தளங்களும் அந்தக் கருவியில் சரிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். எல்லாமே சரிந்திருந்தால் மாறியது அளவுகோல்.

## ஏஹ்ரெஃப்ஸ், செம்ரஷ்: கட்டணக் கருவிகள்

இவற்றின் உண்மையான பலம் பேக்லிங்க், அதாவது ஒரு தளத்துக்கு வேறு தளங்கள் கொடுக்கும் லிங்க். இவற்றின் ரோபோக்கள் இணையம் முழுக்கச் சுற்றி, எந்தப் பக்கத்தில் யாருக்கு லிங்க் இருக்கிறது என்று பார்த்து வைத்திருக்கின்றன. பார்த்த தகவல் என்பதால் நம்பலாம். லிங்க் இருக்கிறது என்றால் நீங்களே அந்தப் பக்கத்தைத் திறந்து சரிபார்க்கலாம். தஞ்சாவூர் ஓவியம் விற்பவர், தன் போட்டியாளருக்கு எந்தெந்தப் பயணக் கட்டுரைகளும் வீட்டு அலங்காரத் தளங்களும் லிங்க் கொடுத்திருக்கின்றன என்று பட்டியல் எடுத்தால், அதுவே யார் யாருக்குக் கடிதம் எழுத வேண்டும் என்ற பட்டியலாகிவிடும். இதற்குக் கொடுக்கும் பணம் வீண் இல்லை.

ஆனாலும் பட்டியல் முழுமையானது என்று எண்ண வேண்டாம். பல தளங்கள் சர்வர் சுமைக்காகவோ, போட்டிக்காகவோ இந்த ரோபோக்களை உள்ளே விடுவதில்லை. அங்கிருக்கும் லிங்க் கருவிக்குத் தெரியாது. எடுத்துவிட்ட லிங்க் சில நாள் பட்டியலில் தொங்கிக்கொண்டும் இருக்கும். '12,000 பேக்லிங்க்' என்று பார்த்து மலைக்கவும் வேண்டாம். ஒரே தளத்தின் எல்லாப் பக்கங்களின் அடியிலும் ஒரு வரி இருந்தால்கூட அந்த எண் வந்துவிடும். எத்தனை வேறு வேறு தளங்களிலிருந்து லிங்க் வருகிறது என்ற எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

மதிப்பெண்களுக்கு வருவோம். மோஸ் நிறுவனத்தின் டொமைன் அத்தாரிட்டி, ஏஹ்ரெஃப்ஸின் டொமைன் ரேட்டிங், செம்ரஷின் அத்தாரிட்டி ஸ்கோர் எல்லாம் அந்தந்த நிறுவனம் தன் வசதிக்கு உருவாக்கிய அளவைகள். கூகுள் இவற்றைப் பயன்படுத்துவதில்லை. ஒன்றின் 30-ஐ இன்னொன்றின் 30-உடன் ஒப்பிடவும் முடியாது. மேலே போகப் போக ஏறுவது கடினமாகும் அளவுகோல் என்பதால், அடிமட்டத்தில் 8-க்கும் 12-க்கும் உள்ள வித்தியாசத்துக்குப் பெரிய அர்த்தம் இல்லை. பணம் கொடுத்து லிங்க் வாங்கினாலும் இந்த எண் ஏறும். 'உங்கள் அத்தாரிட்டியை மூன்று மாதத்தில் 30 ஆக்கித் தருகிறோம்' என்று யாராவது வந்தால், அவர் விற்பது ஒரு தனியார் நிறுவனத்தின் மதிப்பெண்ணை; வாடிக்கையாளரை இல்லை.

தமிழ் விஷயத்தில் இந்தக் கருவிகள் ரொம்பவே தடுமாறுகின்றன. 'கருப்பு கவுனி', 'கருப்புக்கவுனி', அதையே ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு விதமாக எழுதுவது என்று ஒரு அரிசிக்கே பத்து எழுத்துக்கோவைகள். மயிலாடுதுறையை மாயவரம் என்றும் மாயூரம் என்றும் தேடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தஞ்சாவூர் ஓவியத்தை வெளிநாட்டார் பழைய ஆங்கிலப் பெயரான டாஞ்சூரை வைத்தே தேடுகிறார்கள். தேடல் பல எழுத்துக்கோவைகளாகச் சிதறும்போது ஒவ்வொன்றும் கருவியின் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போய், பூஜ்யம் என்று காட்டும். பூஜ்யம் என்றால் யாரும் தேடவில்லை என்று பொருளில்லை. கருவியின் மாதிரியில் போதுமான அளவு அகப்படவில்லை, அவ்வளவுதான். என் அனுபவத்தில், பூஜ்யம் காட்டும் தமிழ்த் தேடல்களுக்காக எழுதிய பக்கங்களே சின்னக் கடைகளுக்கு நல்ல விசாரிப்புகளைக் கொண்டுவருகின்றன.

ஒரு தேடல் சொல்லில் முன்வரிசைக்கு வருவது எவ்வளவு கடினம் என்று சொல்லும் 'கீவேர்ட் டிஃபிகல்ட்டி' எண்ணும் இப்படித்தான். ஏஹ்ரெஃப்ஸில் அது, முதல் பத்து இடங்களில் உள்ள பக்கங்களுக்கு எத்தனை தளங்கள் லிங்க் கொடுத்திருக்கின்றன என்பதை வைத்துப் போடப்படுகிறது. தமிழ்ப் பக்கங்களுக்குப் பொதுவாக லிங்க் குறைவு. அதனால் கடினம் பூஜ்யம், சுலபம் என்று காட்டும். போய்ப் பார்த்தால் மேலே யூடியூப் வீடியோக்களும், பெரிய செய்தித் தளங்களும், மேப்பும் உட்கார்ந்திருக்கும்.

செலவு. முழு வசதியுள்ள திட்டங்கள் மாதம் 100 டாலரைத் தாண்டுகின்றன. இது விலைப் பக்கத்தில் தெரிவது. அதற்கு மேல் வெளிநாட்டு நாணயத்துக்கு வங்கி பிடிக்கும் கட்டணம், இறக்குமதியாகும் இணையச் சேவை என்பதால் 18 சதவீத ஜிஎஸ்டி, கூடுதல் ஆள் சேர்த்தால் கூடுதல் பணம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் அறிக்கை எடுத்தால் தீர்ந்துபோகும் கிரெடிட். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் ரிவர்ஸ் சார்ஜ் முறையில் தாங்களே கட்டி, தகுதி இருந்தால் வரவு எடுத்துக்கொள்ளலாம். இதை ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள். ஆண்டுக் கட்டணத் தள்ளுபடியில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு கடைக்கு இந்தத் தகவல் மாதாமாதம் தேவைப்படாது. ஒரு மாதம் மட்டும் கட்டி, வேண்டிய பட்டியல்களை எல்லாம் தரவிறக்கிக்கொண்டு, நிறுத்திவிடலாம். அடுத்த ஆண்டு இன்னொரு மாதம்.

பத்துப் பேர் பணம் போட்டு ஒரே கணக்கைப் பகிரும் 'குரூப் பை' விற்பனையும் நம் பக்கம் ஓடுகிறது. விதிமுறைக்கு எதிரானது, எப்போது வேண்டுமானாலும் முடக்கப்படும், அவர்கள் கொடுக்கும் எக்ஸ்டென்ஷனை உங்கள் உலாவியில் போடுவது உங்கள் மற்றக் கணக்குகளுக்கும் ஆபத்து. வேண்டாம்.

## சிமிலர்வெப்: மொத்த வருகையைச் சொல்லும் கருவி

முன்னதற்கும் இதற்கும் அடிப்படை வேறு. தேடலில் இருந்து வருவதை மட்டும் பார்க்காமல், நேரடியாக வருபவர்கள், சமூக ஊடகம், வேறு தளங்களின் லிங்க் என்று எல்லா வழிகளையும் மதிப்பிடுகிறது. ஒரு குழுவினரின் உலாவல் பதிவுகளையும் வேறு சில மூலங்களையும் கொண்டு மொத்தத்துக்குப் பெருக்கிச் சொல்வது இதன் வேலை. பஸ் டிக்கெட் தளங்கள், மேட்ரிமனி, நாடு முழுக்க விற்கும் பூஜைப் பொருள் தளங்கள் என்றால் பயனுள்ள படம் கிடைக்கும். அங்கேகூட எண்ணைவிட விகிதம் நம்பகமானது: வருகிறவர்களில் எந்த வழியில் அதிகம், போன மாதத்தைவிட ஏறுமுகமா இறங்குமுகமா.

டெல்டாவின் சின்னத் தளங்களுக்கு இது உதவாது. மாதிரிக் குழுவில் இரண்டு பேர் தற்செயலாக அந்தத் தளத்தைத் திறந்திருந்தால் எண் குதிக்கும். யாரும் திறக்காவிட்டால் தகவலே இருக்காது. நம் ஊர் வியாபாரத்தில் பாதி வாட்ஸ்அப்பில் நடக்கிறது. அங்கே பகிர்ந்த லிங்க்கைத் தட்டி வருபவர் பெரும்பாலும் 'நேரடி வருகை' என்ற கணக்கில் போய்ச் சேர்வார். இன்ஸ்டாகிராமில் பார்த்துவிட்டு நேரே போன் செய்பவர் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்.

இதற்குப் பதில் இலவசமாக ஒரு சோதனை உண்டு. கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் பக்கத்தில் போட்டியாளரின் முகவரியைப் போடுங்கள். உண்மையான குரோம் பயனர்களிடமிருந்து திரட்டிய வேகத் தகவல் மேலே வரும். போதுமான வருகை இல்லாத தளத்துக்கு 'தகவல் இல்லை' என்று சொல்லிவிடும். உங்கள் தளத்துக்குத் தகவல் இல்லை, அவருக்கு இருக்கிறது என்றால் அவருக்கு உங்களைவிடக் கூட்டம் அதிகம். இருவருக்கும் இல்லை என்றால், இருவருமே சின்ன அளவில்தான் இருக்கிறீர்கள். வேறு கருவி என்ன எண் சொன்னாலும் பதற வேண்டாம்.

## கூகுளின் சொந்தக் கருவிகள்

கீவேர்ட் பிளானர் (ஒரு சொல்லை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று விளம்பரம் போடுபவருக்குக் காட்டுவது), டிரெண்ட்ஸ் (தேடல் காலப்போக்கில் ஏறி இறங்குவதைக் காட்டுவது), சர்ச் கன்சோல். இவை போட்டியாளரை நேராகக் காட்டாது. ஆனால் தகவல் ஊற்றிலிருந்தே வருகிறது, செலவும் இல்லை.

கீவேர்ட் பிளானரில் விளம்பரத்துக்குப் போதுமான செலவு செய்யாத கணக்குகளுக்கு '100 முதல் 1,000 வரை', '1,000 முதல் 10,000 வரை' என்று அகலமான வரம்புதான் கிடைக்கும். ஒரே மாதிரியான சொற்களை ஒன்றாகச் சேர்த்தும் விடும். இருந்தாலும் இதில் ஒரு பெரிய வசதி, இடத்தைத் தேர்ந்தெடுக்கலாம். சுவாமிமலை சிலை செய்பவருக்கு இந்தியா முழுவதற்குமான எண்ணைவிட, சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்கா என்று தனித்தனியாகப் பார்ப்பது நூறு மடங்கு பயன்.

டிரெண்ட்ஸ் எண்ணிக்கை தராது. உச்சத்தை 100 என்று வைத்து மற்றதை அதற்கு ஒப்பிட்டுத் தரும். காலத்தைப் பார்க்க இதைவிட நல்ல கருவி இல்லை. டெல்டாவில் இதைப் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நவக்கிரகத் தலங்களில் எட்டு தமிழ்நாட்டில் இருக்க, திருநள்ளாறு மட்டும் காரைக்கால் மாவட்டத்தில், அதாவது புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் இருக்கிறது. டிரெண்ட்ஸில் தமிழ்நாடு என்று தேர்ந்தெடுத்தால் காரைக்காலில் இருந்து தேடுகிறவர்கள் விட்டுப்போவார்கள். டிராவல்ஸ் நடத்துகிறவர் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

சனிப்பெயர்ச்சி இன்னொரு நல்ல உதாரணம். திருக்கணித பஞ்சாங்கப்படி 2025 மார்ச் 29 அன்று பெயர்ச்சி என்றார்கள். திருநள்ளாறு கோயில் வாக்கிய பஞ்சாங்கத்தைப் பின்பற்றுவதால், அங்கே 2026-இல்தான் என்று கோயில் தரப்பில் விளக்கம் வந்தது. 'சனிப்பெயர்ச்சி' என்று தேடியவர்களில் ராசிபலன் படிக்க வந்தவர் யார், காரை வாடகைக்கு எடுக்க வந்தவர் யார் என்று எந்தக் கருவியும் பிரித்துக் காட்டாது. இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை வரும் கூட்டத்தை 12 மாதச் சராசரியில் கரைத்தால் என்ன எண் வந்தாலும் அது பொருந்தாது. இந்த மாதிரித் தேடல்களில் போட்டியாளரின் 'மாத டிராஃபிக்' என்ற பேச்சுக்கே இடமில்லை.

சர்ச் கன்சோல் உங்கள் தளத்தை மட்டும்தான் காட்டும். 16 மாதத் தகவல் வைத்திருக்கும். மிகச் சிலரே தேடிய சொற்களைத் தனியுரிமைக்காக மறைத்துவிடும். போட்டியாளரைப் பார்க்க இதை இப்படிப் பயன்படுத்தலாம். இம்ப்ரெஷன் நிறைய வந்து கிளிக் வராத தேடல்களைப் பட்டியலிடுங்கள். ஒவ்வொன்றையும் கூகுளில் போட்டு, மேலே யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். அவர்கள்தான் உங்கள் உண்மையான போட்டியாளர்கள். பல சமயம் அது நீங்கள் நினைத்துக்கொண்டிருந்த எதிர்க்கடையாக இருக்காது.

## கையால் பார்ப்பது

டெல்டாவின் பெரும்பாலான கடைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். இங்கே கிடைப்பது எல்லாமே பார்த்த தகவல்.

போட்டியாளரின் முகவரிக்குப் பின்னால் சைட்மேப் கோப்பின் பெயரை (பெரும்பாலும் sitemap.xml) போட்டால், பெரும்பாலான தளங்களில் அவர் வைத்திருக்கும் பக்கங்கள் வந்துவிடும். பலவற்றில் கடைசியாக மாற்றிய தேதியும் சேர்த்து. வேபேக் மெஷினில் அவருடைய தளத்தின் பழைய தோற்றங்களைப் பார்க்கலாம்: எப்போது விலை போட ஆரம்பித்தார், எந்தப் பொருளை முகப்புக்குக் கொண்டுவந்தார். கூகுளின் விளம்பர வெளிப்படைத்தன்மை மையத்திலும் மெட்டாவின் விளம்பர நூலகத்திலும் அவர் ஓட்டும் விளம்பரங்கள் இருக்கும். ஒரே விளம்பரத்தை மாதக்கணக்கில் ஓட்டுகிறார் என்றால் பெரும்பாலும் அது அவருக்குப் பலன் தருகிறது. கூகுள் மேப்பில் அவருக்கு வரும் ரிவியூக்களைப் புதியது முதல் வரிசைப்படுத்தினால், எந்தப் பருவத்தில் கூட்டம், வாடிக்கையாளர் எதைப் பாராட்டுகிறார், எதில் குறைப்படுகிறார் என்பது அவர்கள் வாயாலேயே கிடைக்கும். எந்தக் கட்டணக் கருவியிலும் இது இல்லை.

ரேங்க் பார்ப்பதில் மட்டும் கவனம். இன்காக்னிட்டோவில் பார்த்தாலும் நீங்கள் இருக்கும் ஊர் கூகுளுக்குத் தெரியும். கும்பகோணத்தில் உட்கார்ந்து பார்த்தால் உங்கள் கடை மேப்பில் முதலில் வரலாம். காரைப் பதிவு செய்பவர் பெங்களூரிலோ கோலாலம்பூரிலோ இருக்கிறார். அந்த ஊரில் இருக்கும் உறவினரிடம் போனில் தேடச் சொல்லி, திரையைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள்.

இதன் விலை நேரம். மாதம் இரண்டு மூன்று மணி நேரம் உட்கார வேண்டும், பார்த்ததை ஒரு ஷீட்டில் எழுதி வைக்க வேண்டும். ஐந்து போட்டியாளருக்கு மேல் போனால் கை ஓயும். யாருக்கு எங்கிருந்து லிங்க் வருகிறது என்பதும் கையால் கிடைக்காது.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | ஏஹ்ரெஃப்ஸ், செம்ரஷ் | சிமிலர்வெப் | கூகுள் கருவிகள் | கையால் |
|---|---|---|---|---|
| நம்பலாம் | லிங்க் கொடுத்த தளங்கள், பெரிய தேடல்களின் ரேங்க் | வழிகளின் விகிதம், ஏற்ற இறக்கம் | பருவம், இடம், உங்கள் தளக் கணக்கு | பக்கங்கள், விளம்பரம், ரிவியூ |
| நம்பக் கூடாது | சின்னத் தளத்தின் டிராஃபிக், மதிப்பெண் | சின்னத் தளத்தின் எல்லா எண்ணும் | பிளானரின் வரம்பைத் துல்லியமாக எடுப்பது | ஒரே ஊரில் பார்த்த ரேங்க் |
| தமிழ்த் தேடல் | பலவீனம் | தெரியாது | இருப்பதில் சிறந்தது | நேரில் பார்க்கலாம் |
| செலவு | அதிகம், டாலரில் | முழு வசதிக்கு மிக அதிகம் | இல்லை | நேரம் |

## யாருக்கு எது

உள்ளூர் வாடிக்கையாளரை நம்பியிருக்கும் கடை, டியூஷன் சென்டர், கிளினிக், கல்யாண மண்டபம்: கையால் பார்ப்பதும் சர்ச் கன்சோலும் போதும். கட்டணக் கருவி வேண்டாம்.

ஓவியம், சிலை, திருபுவனம் பட்டு என்று வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் ஆங்கிலத்தில் விற்பவர்கள்: ஆண்டுக்கு ஒரு மாதம் கட்டணக் கருவி, லிங்க் பட்டியலுக்காக மட்டும். உங்கள் சொந்தத் தளத்தின் லிங்க்குகளை ஏஹ்ரெஃப்ஸின் இலவச வெப்மாஸ்டர் கணக்கிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

தேசிய அளவிலான பெரிய தளங்களோடு மோதும் அரிசி, மளிகை பிராண்டுகள்: சிமிலர்வெப்பின் இலவசப் பக்கத்தில் அந்தப் பெரிய தளங்களின் போக்கைப் பாருங்கள். உங்கள் அளவிலான போட்டியாளரை அதில் தேடாதீர்கள்.

ஏஜென்சிக்குக் கொடுத்திருப்பவர்கள், அறிக்கை வந்ததும் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த எண் எந்தக் கருவியிலிருந்து வந்தது? அதே கருவி என் தளத்துக்கு என்ன எண் சொல்கிறது? என் சர்ச் கன்சோலில் அதே மாதம் என்ன இருக்கிறது? இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள தூரத்தைப் பார்த்தாலே முதல் எண்ணை எவ்வளவு நம்புவது என்று தெரிந்துவிடும்.

இந்தச் சோதனையை ஏஜென்சி இல்லாதவர்களும் செய்யலாம். ஆனால் ஒரே தளத்தோடு நிறுத்தக் கூடாது. உங்கள் தளத்துக்குக் கருவி பாதியாகச் சொல்கிறது என்பதால் போட்டியாளரின் எண்ணையும் இரண்டால் பெருக்குவது தவறு; ஒவ்வொரு தளத்திலும் பிழை வேறு பக்கம் சாயும். நம்பிக்கையான நண்பர்கள் மூன்று நான்கு பேரிடம் அவர்களுடைய சர்ச் கன்சோல் கிளிக் எண்ணைக் கேட்டு, கருவியின் எண்ணோடு வரிசையாக எழுதிப் பாருங்கள். எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒரே விகிதம் வந்தால் போட்டியாளருக்கும் அந்த வரம்பைப் பயன்படுத்தலாம். ஒன்றில் பாதி, ஒன்றில் மூன்று மடங்கு என்று சிதறினால் அந்தக் கருவியின் டிராஃபிக் நெடுவரிசையை மூடிவிட்டு, லிங்க் நெடுவரிசையை மட்டும் திறந்து வையுங்கள்.

கும்பகோணத்தில் லாட்ஜும் ஓட்டலும் நடத்துகிறவர்களுக்கு மட்டும் ஒன்று தனியாக. அடுத்த மகாமகம் 2028-இல். கடந்த 12 மாதச் சராசரி எதுவும் அந்தக் கூட்டத்தைக் காட்டாது. டிரெண்ட்ஸில் 2004 முதல் தகவல் இருக்கிறது. போன மகாமகம் 2016 பிப்ரவரியில் நடந்தது. அதற்கு முந்தைய ஆறு மாதத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, அறை தேடல் எந்த வாரத்தில் ஏறத் தொடங்கியது என்று தமிழ்நாட்டுக்கும், மற்ற மாநிலங்களுக்கும், சிங்கப்பூர், மலேசியாவுக்கும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வேபேக் மெஷினில் உங்கள் தெருவிலுள்ள மற்ற லாட்ஜுகளின் தளங்களை அதே மாதங்களுக்குத் திறந்து, யார் எப்போது மகாமகத்துக்கென்று தனிப் பக்கம் போட்டார்கள், என்ன வாடகை போட்டார்கள் என்று பாருங்கள். இரண்டு தேதிகளையும் பக்கத்தில் வைத்தால், உங்கள் பக்கம் எந்த மாதத்துக்குள் தயாராக இருக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.